முகத்தைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கலாமா?

"விற்பனையாளர் தேவை. வயது 18 முதல் 28 வரை. கவர்ச்சியான தோற்றமும் இனிய பேச்சும் உடையவர்கள் விண்ணப்பிக்கவும்." இவ்வாறான அறிவித்தல்களைப் பத்திரிகைகளிலும் கடைக் கண்ணாடிகளிலும் நாம் அடிக்கடி காண்கின்றோம். இதை எழுதிய முதலாளியிடம், "கவர்ச்சியான தோற்றம் என்றால் என்ன?" என்று கேட்டால் அவரால் உடனே பதில் சொல்ல முடியாது. ஆனால், விண்ணப்பிக்க வந்த பிள்ளைக்கு அது நன்றாக விளங்கிவிடுகின்றது. "நான் கறுப்பு, எனக்குக் கிடைக்காது" என்று அந்தப் பிள்ளை தானாகவே முடிவு செய்துகொள்கிறது. அடுத்த நாள் நிறம் மாற்றும் கிறீம் ஒன்றைத் தேடி இன்னொரு கடைக்குப் போகிறது.

இந்த விடயத்தில் எமது வர்த்தகர்கள் மூன்று இடங்களில் நிற்கின்றார்கள். ஆளெடுக்கும்போது அவர்கள் முதலாளிகள். தமது பிள்ளைகள் தொழில் தேடும்போது பெற்றோர்கள். கிறீமைத் தட்டில் அடுக்கி வைக்கும்போது விற்பனையாளர்கள். ஆகவே, தோற்றத்துக்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பை வேறு எவரையும்விட அவர்களே சரியாக அறிந்திருக்க வேண்டும்.

இன்றைய பாடத்தின் சாரம் இதுதான்: சுத்தமும் பேச்சும் கடைக்கு வருமானம் தரும். முகவெட்டும் நிறமும் வருமானம் தருவதாக நாம் நினைப்பது பெரும்பாலும் எமது கண் செய்யும் பிழை. அந்தப் பிழைக்கு முதலாளி இலாபத்தால் விலை கொடுக்கிறார். ஊழியர் தனது உடலால் விலை கொடுக்கிறார்.

தோற்றம் என்ற சொல்லுக்குள் மூன்று விடயங்கள்

முதலாவது, சுத்தமும் ஒழுங்கும். வெட்டிய நகம், சீவிய தலை, துவைத்து அயர்ன் செய்த உடுப்பு, வியர்வை நாற்றமில்லாத உடல், துலக்கிய பற்கள், துடைத்த சப்பாத்து என்பன இதில் அடங்கும். இவற்றை எவரும் சிறிய செலவில் அடையலாம். முதலாளி இதைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

இரண்டாவது, நடத்தையும் பேச்சும். வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்ப்பது, சலாமோ வணக்கமோ சொல்லி வரவேற்பது, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்வது, பொருள் இல்லாதபோதும் முகம் கோணாமல் அனுப்புவது என்பனவாகும். இவை பழகினால் வருபவை. கடையிலேயே கற்றுக்கொடுக்கலாம்.

மூன்றாவது, பிறப்போடு வந்த உருவம். தோலின் நிறம், மூக்கின் அமைப்பு, உயரம், முகத்திலுள்ள தழும்பு ஆகியவை. இவற்றை விண்ணப்பதாரர் தேர்ந்தெடுக்கவில்லை. பயிற்சியாலும் மாற்ற முடியாது.

அறிவித்தலில் "நல்ல தோற்றம்" என்று எழுதும்போது முதல் இரண்டையும் மனதில் வைத்தே பலர் எழுதுகின்றார்கள். ஆனால், ஆளைப் பார்த்தவுடன் எமது கண் மூன்றாவதைத்தான் முதலில் அளக்கின்றது. சிக்கல் அங்குதான் தொடங்குகின்றது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முகத்துக்கும் சம்பளத்துக்கும் தொடர்பு இருக்கின்றதா என்பதைப் பொருளியலாளர்கள் அளந்து பார்த்திருக்கின்றார்கள். இத்துறையில் அதிகம் பேசப்படுவது டேனியல் ஹமர்மெஷ், ஜெஃப் பிடில் ஆகிய இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வாகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்ட கணிப்பீடுகளை அவர்கள் பயன்படுத்தினார்கள். தகவல் திரட்டச் சென்றவர்கள், தாம் சந்தித்த ஒவ்வொருவரின் தோற்றத்துக்கும் ஒரு மதிப்பெண் இட்டிருந்தார்கள். கல்வி, அனுபவம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும், அழகு குறைந்தவர்கள் என மதிப்பிடப்பட்டோரின் சம்பளம் சாதாரண தோற்றமுடையவர்களைவிட 5 முதல் 10 சதவீதம் வரை குறைவாக இருந்தது. அழகானவர்களுக்குச் சற்று அதிகம் கிடைத்தது. ஆனால், அழகுக்குக் கிடைத்த மேலதிகத்தைவிட அழகின்மைக்கு விழுந்த வெட்டு சற்றுப் பெரியதாக இருந்தது.

"வாடிக்கையாளர்கள் அழகானவர்களை விரும்புகின்றார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்று முதலாளிகள் சொல்வது வழக்கம். அது மட்டுமே காரணமாக இருந்தால், வாடிக்கையாளரின் முகமே பார்க்காத தொழில்களில் இந்த வேறுபாடு இருக்கக் கூடாது. ஆனால், பெரும்பாலும் தொழிலின் வகையைப் பொருட்படுத்தாமலேயே இவ்வேறுபாடு காணப்பட்டது. அதாவது, ஆளெடுப்பவரின் சொந்த விருப்பு வெறுப்பும் இதில் சேர்ந்திருக்கின்றது.

கண் செய்யும் பிழை

இதைவிடத் தெளிவான பாடத்தை 2006ஆம் ஆண்டு வெளியான ஒரு பரிசோதனை தருகின்றது. மார்க்கஸ் மோபியஸ், டான்யா ரோசன்பிளாட் என்ற இரு ஆய்வாளர்கள் சிலரை "முதலாளிகள்" என்றும் சிலரை "தொழிலாளர்கள்" என்றும் பிரித்தார்கள். தொழிலாளர்களின் வேலை, கணினியில் வழிதேடும் புதிர்களைத் தீர்ப்பது. இந்த வேலைக்கு அழகு எந்த வகையிலும் உதவாது. அழகானவர்களும் மற்றவர்களும் ஒரே அளவிலேயே புதிர்களைத் தீர்த்தார்கள். ஆனால், யார் எத்தனை புதிர் தீர்ப்பார் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சம்பளம் குறித்த முதலாளிகள், அழகானவர்களுக்கு அதிகமாகக் குறித்தார்கள்.

இதற்கு மூன்று காரணங்கள் கண்டறியப்பட்டன. ஒன்று, அழகானவர்களிடம் தன்னம்பிக்கை சற்று அதிகமாக இருந்தது. சம்பள வித்தியாசத்தில் 15 முதல் 20 சதவீதம் வரையான பங்கு இதனால் வந்தது. இரண்டு, அவர்கள் நன்றாகப் பேசினார்கள். முகத்தைக் காட்டாமல் தொலைபேசியில் மட்டும் பேசியபோதுகூட அவர்களுக்கு அதிகம் குறிக்கப்பட்டது. மூன்று, அழகாக இருப்பவர் திறமையாகவும் இருப்பார் என்று முதலாளிகள் பிழையாக எண்ணினார்கள்.

இம்மூன்றையும் வர்த்தகக் கண்ணோடு பாருங்கள். தன்னம்பிக்கையும் பேச்சும் கற்றுக்கொடுக்கக் கூடியவை. மூன்றாவது காரணம் முதலாளியின் தலைக்குள் இருக்கும் கோளாறு. அதைத் திருத்தினால் மிச்சப்படுவது முதலாளியின் பணமேயாகும்.

ஒரு சிறு கணக்கு

விளங்குவதற்காக ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு புடவைக்கடையில் இரண்டு விற்பனையாளர்கள் இருக்கின்றார்கள். முதலாமவர் பார்க்க இலட்சணமானவர். நாளொன்றுக்கு 30,000 ரூபாவுக்கு விற்கின்றார். இரண்டாமவர் சாதாரண தோற்றமுடையவர். 27,000 ரூபாவுக்கு விற்கின்றார். மேலோட்டமாகப் பார்க்கும் முதலாளி முதலாமவரே கெட்டிக்காரர் என்று முடிவு கட்டுவார்.

கடையின் மொத்த இலாபம் விற்பனையில் 20 சதவீதம் என்று வைப்போம். முதலாமவரால் 6,000 ரூபா வருகின்றது. ஆனால், துணியை அளப்பதிலும் பில் எழுதுவதிலும் அவர் விடும் பிழைகளால் நாளொன்றுக்கு 1,200 ரூபா போகின்றது. மிஞ்சுவது 4,800 ரூபா. இரண்டாமவரால் வருவது 5,400 ரூபா. அவரது பிழைகளால் போவது 100 ரூபா. மிஞ்சுவது 5,300 ரூபா. நாளுக்கு 500 ரூபா வித்தியாசம். மாதத்தில் 26 நாட்கள் கடை திறந்தால் 13,000 ரூபா. முகத்தைப் பார்த்து எடுத்த முடிவு மாதம் 13,000 ரூபாவைத் தின்றுவிட்டது. இந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் "அழகுச் செலவு" என்ற பெயரில் பதியப்படுவதில்லை. அதனால்தான் அது எமது கண்ணில் படுவதில்லை.

நிறத்தை விற்ற விளம்பரங்கள்

வெள்ளை நிறம் இருந்தால் தொழில் கிடைக்கும் என்ற எண்ணம் தானாக முளைத்ததல்ல. இந்தியாவில் 1975ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த ஃபெயார் அன்ட் லவ்லி கிறீமின் விளம்பரங்கள் பல ஆண்டுகளாக ஒரே கதையைத்தான் சொல்லி வந்தன. கறுப்பான பெண்ணுக்குத் தொழில் கிடைக்காது. கிறீம் பூசுவாள். நிறம் மாறும். விரும்பிய தொழில் கிடைக்கும். இந்தியத் தொலைக்காட்சி அலைவரிசைகள் வழியாக இக்கதை எமது வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

இதற்கு இந்தியாவின் மாதர் அமைப்புகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2014ஆம் ஆண்டு இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டுச் சபை, கறுப்பு நிறமுடையவர்களைத் தாழ்ந்தவர்களாகவோ, தொழில் கிடைக்காதவர்களாகவோ காட்டக் கூடாது என்று விதிமுறை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டு குறித்த கிறீம் தனது பெயரிலிருந்து "ஃபெயார்" என்ற சொல்லையே நீக்கி, குளோ அன்ட் லவ்லி எனப் பெயர் மாற்றிக்கொண்டது. இந்தக் கிறீம் நஞ்சு என்று இங்கு சொல்லவில்லை. அதன் விளம்பரம் விதைத்த எண்ணத்தைப் பற்றியே பேசுகின்றோம். பெயர் மாறினாலும் எண்ணம் இன்னும் மாறவில்லை.

சரி, அழகுக்காகச் செலவழிக்கும் பணம் சம்பளமாகத் திரும்பி வருகின்றதா? சீனாவின் ஷாங்ஹாய் நகரில் 1996ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணிப்பீட்டைக் கொண்டு ஹமர்மெஷும் அவரது சகாக்களும் இதையும் ஆராய்ந்தார்கள். உடைக்கும் அழகுசாதனங்களுக்கும் அதிகம் செலவழித்த பெண்கள் சற்று அழகாக மதிப்பிடப்பட்டது உண்மை. ஆனால், அவ்வாறு மேலதிகமாகச் செலவழித்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சம்பளமாகத் திரும்பவில்லை. ஒரு வர்த்தகரின் பாஷையில் சொன்னால், 100 ரூபா முதலிட்டு 20 ரூபாவும் திரும்பாத வியாபாரம் அது. மன மகிழ்ச்சிக்காகச் செலவழிப்பது அவரவர் விருப்பம். ஆனால், தொழிலுக்கான முதலீடு என்று எவரும் அதை நம்பி ஏமாறக் கூடாது.

கிறீம் பெட்டிக்குள் என்ன இருக்கின்றது?

பண நட்டம் ஒருபுறமிருக்க, உடலுக்கு வரும் கேடு இன்னும் பெரியது. விரைவாக நிறம் மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் பல கிறீம்களில் மூன்று ஆபத்தான பொருட்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

முதலாவது பாதரசம். எமது தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். பாதரச உப்புகள் மெலனின் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால் தோல் வெளுக்கின்றது. ஆனால், பாதரசம் தோலின் வழியாக உடலுக்குள் செல்கின்றது. அது முக்கியமாகச் சிறுநீரகங்களைப் பாதிக்கின்றது என உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்துள்ளது. தோலில் தடிப்பு, நிறமாற்றம், தழும்பு, மனப் பதற்றம், மனச்சோர்வு, நரம்புப் பாதிப்பு என்பனவும் ஏற்படலாம். பூசுபவர் மட்டுமன்றி, அதே துவாயைப் பாவிப்பவர்களும், அவர் தூக்கி வைத்திருக்கும் குழந்தையும்கூடப் பாதிக்கப்படலாம். முகம் கழுவிய தண்ணீரோடு செல்லும் பாதரசம் சூழலில் சேர்ந்து மீன்களின் உடலையும் அடைகின்றது.

இரண்டாவது ஸ்டீரொயிட். சில தோல் நோய்களுக்கு வைத்தியர்கள் குறுகிய காலத்துக்கு எழுதிக்கொடுக்கும் மருந்து இது. வைத்தியரின் ஆலோசனையின்றி மாதக் கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துபோகும். இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பருக்கள் கிளம்பும். நிறுத்தியவுடன் முகம் சிவந்து எரியும். எரிகின்றதே என்று மீண்டும் பூசுவார்கள். இவ்வாறு அதற்கு அடிமையாகிவிடுகின்றார்கள்.

மூன்றாவது ஹைட்ரோகுவினோன். வைத்தியரின் மேற்பார்வையில் பாவிக்க வேண்டிய இது நீண்டகாலம் பூசப்பட்டால், வெளுப்பதற்குப் பதிலாக முகத்தில் கருநீலத் திட்டுகளை உண்டாக்கலாம். அத்திட்டுகளை நீக்குவது மிகக் கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டு முதல் தோல் வெளுக்கும் கிறீம்களில் இதனைத் தடை செய்துள்ளது.

எமது நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருக்கின்றது. வருடம் முழுவதும் கடும் வெயில். இந்த வெயிலிலிருந்து எம்மைக் காக்கும் குடைதான் மெலனின். அதைக் காசு கொடுத்து அழித்துவிட்டு, பின்னர் வைத்தியருக்கும் காசு கொடுக்கும் நிலை பரிதாபமானது.

கடைத் தட்டில் கவனிக்க வேண்டியவை

பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கை 2013ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டு 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பாதரசக் கழிவினால் பேரழிவைச் சந்தித்த ஜப்பானிய நகரின் பெயரே அதற்கு இடப்பட்டது. இலங்கையும் இதில் ஓர் உறுப்பு நாடாகும். ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020ஆம் ஆண்டுடன் ஒழிக்க வேண்டும் என முதலில் முடிவாகியது. 2023ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், இந்த அளவையும் நீக்கி, பாதரசம் சேர்க்கப்பட்ட எந்த அழகுசாதனமும் 2025ஆம் ஆண்டுக்குப் பின்னர் இருக்கக் கூடாது என இணங்கின.

சட்டம் ஒருபுறமிருக்க, "நானா, இதைப் பாவிச்சா நிறம் வருமா?" என்று நம்பிக் கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். பொருளை வாங்கி அடுக்குமுன் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. உள்ளடக்கப் பட்டியல் இல்லாத கிறீமை வாங்க வேண்டாம். தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவை இல்லாத பெட்டிக்கும் இதே விதிதான்.

2. கலோமெல், மெர்குரிக், மெர்குரஸ், மெர்குரியோ போன்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம்.

3. "தங்கம், வெள்ளி, அலுமினியம், இறப்பர், நகைகள் ஆகியவற்றில் படவிட வேண்டாம்" என்ற எச்சரிக்கை இருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம். பாதரசம் உலோகங்களைத் தாக்கும் தன்மையுடையது.

4. பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீரொயிட். வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கும் பொருளல்ல.

5. பெயரில்லாத வெள்ளைச் சிமிழில் "ஸ்பெஷல் கிறீம்" என்று வருபவற்றை எவ்வளவு இலாபம் கிடைத்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

6. பயணப் பொதியில் கொண்டுவந்து பில் இல்லாமல் தரப்படும் கிறீமுக்கு, பிரச்சினை வந்தால் பொறுப்பேற்க எவரும் இருக்க மாட்டார்கள். கடைசியில் விற்றவரே மாட்டிக்கொள்வார்.

எமக்கு நேர்ந்தால் மட்டுமா அநீதி?

தோற்றத்தை முன்வைத்து ஆளெடுத்த நிறுவனங்களில் உலகப் புகழ்பெற்ற உதாரணம், அமெரிக்காவின் அபர்குரொம்பி அன்ட் ஃபிச் என்ற உடுப்புக்கடை நிறுவனமாகும். கடை ஊழியர்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்பதற்குத் தனியாக "தோற்றக் கொள்கை" ஒன்றையே அது வைத்திருந்தது. கறுப்பினத்தவர்களையும் ஆசிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரையும் வேலைக்கு எடுக்க மறுத்தது அல்லது பின்னறைக் களஞ்சியத்தில் நிறுத்தியது எனத் தொடரப்பட்ட வழக்குகளை, 2004ஆம் ஆண்டு 40 மில்லியன் டொலர் கொடுத்து அந்நிறுவனம் தீர்த்துக்கொண்டது.

2008ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரிலுள்ள அந்நிறுவனத்தின் கடைக்கு 17 வயது முஸ்லிம் யுவதி ஒருவர் தலையை மறைத்தவாறு நேர்முகப் பரீட்சைக்குச் சென்றார். நேர்முகம் நடத்தியவர் அவர் தகுதியானவர் என்றே புள்ளியிட்டார். ஆனால், மேலதிகாரி தலைத்துணி தோற்றக் கொள்கைக்கு ஒத்துவராது என மறுத்துவிட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீதியரசர்கள் அந்த யுவதிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு, இனிமேல் உடலமைப்பையோ அழகையோ பார்த்துக் கடை ஊழியர்களை எடுப்பதில்லை என அந்நிறுவனமும் அறிவித்தது.

இச்செய்தியை வாசிக்கும்போது எமக்கு மகிழ்ச்சி ஏற்படுகின்றது. ஹிஜாபுக்காகவோ தாடிக்காகவோ எமது பிள்ளைகளுக்குத் தொழில் மறுக்கப்பட்டால் அதை அநீதி என்று உரத்துச் சொல்கின்றோம். ஆனால், எமது கடைக்கு வேலை கேட்டு வரும் பிள்ளையை, அது எந்தச் சமூகத்தைச் சேர்ந்ததாயினும், நிறத்துக்காகவோ முகத் தழும்புக்காகவோ திருப்பி அனுப்பும்போது நாமும் ஒரு தோற்றக் கொள்கையையே நடைமுறைப்படுத்துகின்றோம். அது எழுத்தில் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

சில நாடுகள் இதைச் சட்டத்தாலேயே தடுத்துள்ளன. பிரான்ஸ் 2001ஆம் ஆண்டு உடல் தோற்றத்தையும் பாகுபாட்டுக் காரணங்களின் பட்டியலில் சேர்த்தது. அழகுச் சத்திரசிகிச்சைக்குப் பேர்போன தென் கொரியாவில், 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலைக்குத் தொடர்பில்லாத உயரம், எடை, தோற்றம் பற்றிய விபரங்களை விண்ணப்பதாரரிடம் கேட்பது 2019ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. எமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் போன்ற காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றது. தோற்றம் அப்பட்டியலில் இல்லை. சட்டம் கேட்காத இடத்தில் முதலாளியின் நியாய உணர்வுதான் பேச வேண்டும்.

சரியான ஆளை எடுப்பது எப்படி?

எந்தத் தேர்வு முறை நல்ல ஊழியரைக் கண்டுபிடிக்க உதவும் என்பது பற்றி 1998ஆம் ஆண்டு ஷ்மிட், ஹண்டர் ஆகிய இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மனம் போனபடி பேசிப் பார்க்கும் நேர்முகத்தைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் புள்ளியிடும் நேர்முகமும், வேலையைச் செய்யவைத்துப் பார்ப்பதும் சிறந்தவை என்று அவர்கள் காட்டினார்கள். 2022ஆம் ஆண்டு வேறு ஆய்வாளர்கள் இக்கணக்குகளை மீளாய்வு செய்தபோதும், ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்முகமே முன்னிலையில் நின்றது. சிறிய கடையிலும் இதைச் செய்யலாம்.

ஒன்று: அறிவித்தலில் "கவர்ச்சியான தோற்றம்" என்பதை வெட்டிவிடுங்கள். "சுத்தமாக உடுத்து, வாடிக்கையாளரோடு மரியாதையாகப் பேசக்கூடியவர்" என்று எழுதுங்கள். வேண்டியது எதுவென்று வருபவருக்கும் விளங்கும், உங்களுக்கும் விளங்கும்.

இரண்டு: விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்க வேண்டாம்.

மூன்று: ஐந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்து எல்லோரிடமும் அதே ஒழுங்கில் கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அந்த இடத்திலேயே புள்ளியிடுங்கள். "வாங்கிய துணியைத் திருப்பிக் கொண்டுவந்து ஒருவர் சத்தம் போட்டால் என்ன செய்வீர்?" போன்ற கேள்விகள் நல்லவை.

நான்கு: வேலையைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டே கால் மீற்றர் துணியை வெட்டி, விலை கணக்கிட்டு, 5,000 ரூபா தாளுக்கு மிச்சம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் பரீட்சித்தால் அந்த நாளுக்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்து: உடை ஒழுங்கு வைப்பதாயின் எல்லோராலும் பின்பற்றக் கூடியதாக வையுங்கள். சீருடை வேண்டுமென்றால் செலவைக் கடை ஏற்கட்டும். சம்பளம் குறைந்த பிள்ளையிடம் புதுச் சப்பாத்தும் மேக்கப்பும் கேட்பது மறைமுகமாகச் சம்பளத்தை வெட்டுவதாகும்.

ஆறு: ஊழியரின் நிறம், எடை, பல் வரிசை பற்றிப் பகிடி செய்ய வேண்டாம், மற்றவர்கள் செய்யவும் விட வேண்டாம். "கொஞ்சம் கிறீம் பூசிட்டு வாங்க" என்று முதலாளி விளையாட்டாகச் சொன்னாலும் ஊழியர் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்வார்.

ஏழு: மூன்று மாதத்தின் பின் விற்பனைத் தொகை, பில் பிழை, சரக்குக் குறைவு, நேரத்துக்கு வருகை, பெயர் சொல்லித் தேடி வரும் வாடிக்கையாளர் என ஐந்து கணக்குகளைப் பார்த்துச் சம்பளத்தை முடிவு செய்யுங்கள். முகத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

தொழில் தேடும் பிள்ளைகளுக்கு

"அப்படியானால் தோற்றத்தைக் கவனிக்கவே தேவையில்லையா?" என்று பெற்றோர்கள் கேட்கலாம். நிச்சயம் கவனிக்க வேண்டும். உலகம் எப்படி இருக்கின்றதோ அப்படித்தான் பிள்ளை அதைச் சந்திக்கப் போகின்றது. ஆனால், எதில் பணம் போடுவது என்பதில் தெளிவு வேண்டும்.

நேர்முகப் பரீட்சைக்கு அளவான ஓர் உடுப்பு, தலைமுடி ஒழுங்கு, பல் சுத்தம், முதல்நாள் இரவு நல்ல தூக்கம் ஆகியவை போதும். மிகுதிப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கும், சிங்கள, ஆங்கில வகுப்புக்கும், கணினி வகுப்புக்கும் செலவிடுங்கள். வீட்டில் நிலைக்கண்ணாடி முன் நின்று தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பழகச் சொல்லுங்கள். அழகானவர்களுக்குக் கிடைத்த மேலதிகத்தில் ஒரு பகுதி பேச்சாலும் தன்னம்பிக்கையாலும் வந்தது என்பதை மேலே பார்த்தோம். அந்தப் பகுதியை எந்த நிறமுள்ள பிள்ளையும் உழைத்துப் பெறலாம்.

கடுமையான பரு, திடீரென வந்த வெண்தழும்பு, பல் சிதைவு போன்றவை நோய்கள். அவற்றை அழகுநிலையத்தில் அல்ல, வைத்தியரிடம் காட்ட வேண்டும். அரச வைத்தியசாலைகளின் தோல் நோய்ப் பிரிவுகளிலும் பற்சிகிச்சைப் பிரிவுகளிலும் இலவசமாகவே பார்க்கலாம். நிறம் நோயல்ல. அதற்கு மருந்தும் தேவையில்லை. இனந்தெரியாத கிறீம் ஒன்றை ஏற்கனவே நீண்டகாலம் பூசிவரும் பிள்ளை, பெட்டியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரைச் சந்திப்பது நல்லது.

உங்களை நீங்களே கேளுங்கள்

இப்பாடத்தை மடித்து வைப்பதற்கு முன் ஐந்து கேள்விகளுக்கு மனதுக்குள் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. கடைசியாக நான் வேலைக்கு எடுத்தவரை எதற்காக எடுத்தேன்? முகத்துக்காகவா, வேலைக்காகவா?

2. நான் திருப்பி அனுப்பியவரிடம் ஒரு கணக்காவது போட்டுக் காட்டச் சொன்னேனா?

3. எனது கடையில் முன் மேசையில் நிற்பவர் யார், பின்னறையில் நிற்பவர் யார்? அந்தப் பிரிவுக்குக் காரணம் திறமையா, நிறமா?

4. எனது கடைத் தட்டிலுள்ள கிறீம்களில் உள்ளடக்கப் பட்டியல் இல்லாதவை எத்தனை? அவற்றை எனது மகள் பூசுவதற்கு நான் கொடுப்பேனா?

5. எனது ஊழியர் தனது சம்பளத்தில் எவ்வளவை எனது கடையின் "தோற்றத்துக்காக" இழக்கின்றார்?

நாலாவது கேள்விக்கு "கொடுக்க மாட்டேன்" என்பது பதிலானால், நாளைக் காலை கடை திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை எதுவென்பது உங்களுக்குத் தெரியும்.